அந்தக் காலத்துக் கருவியில் வாசிப்பது என்றால் என்ன? மறுமலர்ச்சிக் கால இசைக்குழுக்கள் பற்றி ஓர் எளிய விளக்கம்

ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால இசையை வாசிக்கும் குழுக்களைப் பற்றிப் பேச்சு வந்தால் மூன்று வாசகங்கள் தவறாமல் காதில் விழும். "நானூறு, ஐந்நூறு வருஷத்துப் பழைய கருவிகளில் வாசிக்கிறார்கள்." "அன்றைக்கு எப்படிக் கேட்டதோ அப்படியே வாசிக்கிறார்கள்." "பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் வருவதற்கு முன்னால் இருந்த, இன்னும் வளராத கருவிகள் அவை." முதல் வாசகம் பெரும்பாலும் தவறு. இரண்டாவதை யாராலும் நிரூபிக்க முடியாது. மூன்றாவது அநியாயம். எனக்கு நெருக்கமான இசை என்பதால் மூன்றாவதைக் கேட்கும்போதுதான் அதிகம் வருத்தமாக இருக்கும்.

இந்தக் குழுக்கள் உண்மையில் என்ன செய்கின்றன என்பதை அடியிலிருந்து பார்ப்போம். மேற்கத்திய இசை தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ச, ப, காந்தாரம் என்ற சொற்கள் காதில் விழுந்திருந்தால் போதும்.

எந்தக் காலம், என்ன இசை

இசையில் மறுமலர்ச்சிக் காலம் என்பது ஏறக்குறைய 1400 முதல் 1600 வரை. பாக் பிறந்தது 1685-இல், மோட்சார்ட் 1756-இல். மேற்கத்திய செவ்வியல் இசை என்றதும் நமக்கு ஞாபகம் வரும் பெயர்கள் எல்லாம் இந்தக் காலம் முடிந்த பிறகு வந்தவை. இங்கே இருப்பவர்கள் துஃபாய், ஜோஸ்கான், பலெஸ்ட்ரீனா, லாசஸ், விக்டோரியா, வில்லியம் பர்ட் போன்றவர்கள். சிம்பொனி கிடையாது. கையில் கோலுடன் நிற்கும் நடத்துனரும் கிடையாது. தேவாலயத்தில் வழிபாட்டுக்கு, அரண்மனையில் விருந்துக்கும் நடனத்துக்கும், நகரக் கோபுரத்திலிருந்து ஊர் கேட்க ஊதுவதற்கு, வீட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து நண்பர்கள் பாடுவதற்கு என்று இந்த இசைக்கு வேலைகள் இருந்தன. டிக்கெட் வாங்கி இருட்டில் உட்கார்ந்து கேட்கும் கச்சேரி பிறகு வந்த பழக்கம்.

இதன் அடிப்படைத் தன்மை பல்குரலிசை. ஒரே நேரத்தில் பல தனித்தனி மெட்டுகள் நடந்து, ஒன்றோடொன்று பொருந்தி வருவதுதான் பல்குரலிசை. ஒருவர் பாட மற்றவர்கள் துணைக்கு வாசிப்பது என்று இதை நினைத்துக்கொள்ளக் கூடாது. மார்கழியில் ஒரு பெரிய கோலத்தை நான்கு பேர் நான்கு பக்கத்திலிருந்து போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கோடு தன் போக்கில் வளைந்து போகும், அடுத்தவர் கோட்டோடு சரியான இடத்தில் சேரும். அதில் எது முக்கியமான கோடு என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது.

கோலநோட்டும் ஆன்ட்வெர்ப் புத்தகமும்

கோலத்தை இன்னும் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்துக்கொள்வோம். பழைய கோலநோட்டைத் திறந்தால் "15 புள்ளி, இடைப்புள்ளி, 8 வரை" என்று ஒரு வரியும் ஒரு சின்னப் படமும் இருக்கும். பழகியவருக்கு அது தாராளம். மாவை எவ்வளவு தடிமனாக இழுப்பது, எந்த முனையில் தொடங்குவது, வாசல் சின்னதாக இருந்தால் எதை விடுவது என்பதெல்லாம் நோட்டில் இருக்காது. எழுதியவர் மறந்து விடவில்லை. தெருவில் எல்லோருக்கும் தெரிந்ததை எதற்கு எழுத வேண்டும்? ஆனால் ஐந்நூறு வருஷம் கழித்து, கோலமே பார்த்திராத ஒருவர் கையில் அந்த நோட்டு கிடைத்தால் அவர் திண்டாடிப்போவார்.

மறுமலர்ச்சிக் கால இசைப் புத்தகங்கள் அப்படிப்பட்டவை. நல்ல உதாரணம் ஒன்று: 1551-இல் ஆன்ட்வெர்ப் நகரத்தில் தீல்மன் சுசாட்டோ என்பவர் நடன இசைத் தொகுப்பு ஒன்றை அச்சிட்டார். அவர் அந்த நகரத்தின் வாத்தியக்காரராகவும் இருந்தவர், இசை அச்சகமும் நடத்தியவர். அந்தத் தொகுப்பு நான்கு சிறு புத்தகங்களாக வந்தது. மேல்குரலுக்கு ஒன்று, கீழ்க்குரலுக்கு ஒன்று, நடுவில் இரண்டு குரல்களுக்கு ஒவ்வொன்று. இவற்றைக் குரல்நூல்கள் என்று சொல்லலாம். ஒவ்வொரு வாசிப்பாளர் கையிலும் தன்னுடைய பகுதி மட்டும்தான் இருக்கும். அடுத்தவர் என்ன வாசிக்கிறார் என்பது தாளில் தெரியாது, காதால்தான் தெரியும்.

எந்தக் கருவியில் வாசிப்பது? அதற்கும் முகப்பிலேயே பதில் இருக்கிறது: எல்லா இசைக்கருவிகளிலும் வாசிக்க ஏற்றது. அவ்வளவுதான். எவ்வளவு வேகம், எங்கே உரக்க, எங்கே மெல்ல, தாள வாத்தியம் உண்டா, எத்தனை தடவை திருப்பி வாசிப்பது என்று எதுவும் இல்லை. கருவியைப் பெயர் சொல்லிக் குறித்த புத்தகங்களும் உண்டு. 1597-இல் வெனிஸில் ஜொவான்னி கபிரியேலி வெளியிட்ட தொகுப்பில் ஒரு துண்டுக்கு எந்தக் கருவி, எங்கே மெல்ல, எங்கே பலமாக என்றெல்லாம் எழுதியிருக்கிறார். லண்டனில் 1599-இல் தாமஸ் மோர்லி ஆறு குறிப்பிட்ட கருவிகளுக்கென்றே ஒரு புத்தகம் போட்டார். ஆனால் இவை விதிவிலக்குகள், அதுவும் அந்தக் காலத்தின் கடைசியில் வந்தவை.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: இசை தாளில் இருக்கிறது, ஆனால் முழுதாக இல்லை. எழுதாமல் விட்டதை வாசிப்பவர் அறிவார் என்று நம்பி எழுதியது அது. அந்த அறிவு இடையில் அறுந்துபோனது. இந்தக் குழுக்களின் வேலை அந்த இடத்தில் தொடங்குகிறது.

கருவிகள்: குடும்பம் குடும்பமாக

முதலில் ஒரு பழக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அன்றைக்குக் கருவிகளைக் குடும்பமாகச் செய்தார்கள். ரெக்கார்டர் என்றால் கையளவு சின்னக் குழலிலிருந்து ஆள் உயரக் குழல் வரை, ஒரே வடிவத்தில் பல அளவுகள். பள்ளிகளில் குழந்தைகள் ஊதும் பிளாஸ்டிக் குழலின் மூதாதை அதுதான். இப்படி ஒரே குடும்பத்துக் கருவிகள் சேர்ந்து வாசிக்கும் சிறு குழுவுக்கு கன்சார்ட் என்று பெயர். வெவ்வேறு குடும்பங்கள் கலந்தால் கலப்பு கன்சார்ட். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி 1547-இல் இறந்தபோது எடுத்த சொத்துப் பட்டியலில் 76 ரெக்கார்டர்கள் இருந்தன. ஒரு மன்னருக்கு எதற்கு இத்தனை குழல் என்று வியக்க வேண்டாம். செட் செட்டாக வாங்கி வைத்திருந்தார்கள்.

குடும்பமாக இருப்பதில் ஒரு நன்மை உண்டு. நான்கு குரலும் ஒரே நிறத்தில் ஒலிக்கும். நான்கு சம உரிமையுள்ள கோடுகள் என்று சொன்னோமே, அந்த எழுத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது.

அடுத்த பிரிவு, உரத்தவை, மெல்லியவை. இதை விளக்கவே தேவையில்லை. நாகஸ்வரம் ஊர்வலத்துக்கு, வீணை அறைக்கு. ஐரோப்பாவிலும் அதே பிரிவினைதான். உரத்த பக்கத்தின் தலைவர் ஷாம் என்ற கருவி. நாகஸ்வரத்தைப் பார்த்தவர்களுக்கு ஷாமைப் பார்த்தால் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும். மரக்குழல், கீழே போகப்போக அகலமாகும் துளை, முனையில் விரிந்த அணசு, மேலே சீவாளி. இரண்டு நாணல் தகடுகள் ஒன்றோடொன்று அதிர்ந்து ஒலி எழுப்பும் அதே இயக்கம்தான். நகராட்சியே சம்பளம் கொடுத்து வைத்திருந்த வாத்தியக்குழுக்கள் திறந்தவெளியில் ஷாமும் சாக்பட்டும் ஊதின. சாக்பட் என்பது டிராம்போனின் அன்றைய வடிவம். இழுத்து நீட்டும் குழாய் அதேதான். ஆனால் குழாய் ஒல்லி, வாய்ப்புனல் சின்னது. அதனால் ஒலி மென்மையாக, மனிதக் குரலோடு கலக்கும்படி இருக்கும். இன்றைய டிராம்போன் பக்கத்தில் பாடகர் நின்றால் அவர் குரல் காணாமல் போய்விடும். சாக்பட் அவரைத் தாங்கிப் பிடிக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது கார்னெட்டோ. இரண்டு மரத்துண்டுகளைக் குடைந்து, ஒட்டி, கருப்புத் தோல் சுற்றிய வளைந்த குழல். விரல் வைக்கும் துளைகள் புல்லாங்குழல் போல இருக்கும், ஆனால் ஊதுவது எக்காளம் போலக் குவளை வாயில் உதட்டை அதிரவைத்து. மரமும் உதடும் சேர்ந்த இந்தக் கலப்புக்கு இன்றைய ஆர்கெஸ்ட்ராவில் வாரிசே இல்லை. மனிதக் குரலுக்கு மிக நெருங்கிய கருவி என்று அந்தக் காலத்து வெனிஸ் வாத்தியக்காரர்கள் இதைக் கொண்டாடினார்கள். நல்ல வாசிப்பாளர் ஊதும்போது பாடகர் எங்கே முடித்தார், கார்னெட்டோ எங்கே தொடங்கியது என்று சட்டெனப் பிரித்துச் சொல்ல முடியாது. இதைக் கேட்ட பிறகு யாராவது "வளராத கருவி" என்றால் எனக்குக் கோபம் வரும். அது தன் வேலைக்கு முழுதாக வளர்ந்த கருவி. வேலை மாறியதால் காணாமல் போனது.

கிரம்ஹார்ன் வேடிக்கையான உருவம் கொண்டது. கைத்தடியைத் தலைகீழாகப் பிடித்தது போல அடி வளைந்திருக்கும். சீவாளி ஒரு மூடிக்குள் இருப்பதால் உதடு அதைத் தொடாது. அதனால் ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது, ஒன்பது சுவரங்களுக்கு மேல் போவதும் கடினம். தேனீக் கூட்டம் சுருதியோடு பாடுவது போல ரீங்காரமான ஒலி. சுசாட்டோவின் ஆன்ட்வெர்ப் வீட்டுக்கும் கிரம்ஹார்ன் என்றே பெயர். 1551 புத்தகத்தில் அந்தப் பெயரை முகவரியாக அச்சிட்டிருக்கிறார்.

மெல்லிய பக்கத்தில் லூட்டும் காம்பாவும். லூட் பிளந்த பேரிக்காய் வடிவ உடல் கொண்டது, அரபு ஊதிலிருந்து வந்தது, பெயரும் அப்படித்தான். காம்பா என்றால் இத்தாலிய மொழியில் கால். வில்லால் வாசிக்கும் ஆறு தந்திக் கருவியைக் கால்களுக்கு நடுவே நிறுத்திப் பிடிப்பதால் அந்தப் பெயர். செல்லோ மாதிரி தெரிந்தாலும் அது வேறு குடும்பம். வீணையில் இருப்பது போலக் கழுத்தில் விரல் வைக்கும் கட்டைகள் உண்டு, வில்லை உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்படி பிடிப்பார்கள். இரண்டிலும் தந்திகள் ஆட்டுக்குடலை முறுக்கிச் செய்தவை. எஃகுத் தந்தியின் பளபளப்பு அதில் இல்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு சுவரத்தின் தொடக்கத்திலும் ஒரு மெல்லிய உராய்வு, பேசும்போது மெய்யெழுத்து விழுவது போல.

பழைய கருவியா, புதிய கருவியா

இப்போது முதல் தவறான வாசகத்துக்கு வருவோம். மேடையில் இருக்கும் கருவிகளில் பெரும்பாலானவை நம் காலத்தில் செய்தவை.

ஏன் அருங்காட்சியகத்திலிருந்து எடுத்து வாசிக்கக் கூடாது? நானூற்றைம்பது வருஷம் உலர்ந்த மரக்குழலில் சூடான, ஈரமான மூச்சை விட்டால் அது விரிசல் விடும். தப்பிப் பிழைத்தவையும் மாறிப்போயிருக்கும். மரம் சுருங்கியிருக்கும், துளை நீள்வட்டமாகியிருக்கும். லூட்டுகளின் கதை இன்னும் சிக்கல். மறுமலர்ச்சிக் காலத்தில் செய்த நல்ல லூட்டுகளுக்குப் பிற்காலத்தில் அகலமான கழுத்துப் பொருத்தி, கூடுதல் தந்தி ஏற்றிவிட்டார்கள். ஆக, பழைய கருவி என்பதாலேயே அது பழைய நிலையில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. சில சமயம் நேற்றுச் செய்த நல்ல நகல்தான் 1550-க்கு நெருக்கமாக இருக்கும்.

அப்படியானால் காலக்கருவி என்பதை இப்படி வரையறுக்கலாம்: ஒரு இசை எழுதப்பட்ட காலத்தில் புழங்கிய வடிவம், பொருள், அளவு, வாசிக்கும் முறை ஆகியவற்றைப் பின்பற்றும் கருவி. அது பிறந்த தேதி முக்கியமில்லை.

நகல் செய்ய ஆதாரம் எங்கே? வியன்னா, வெரோனா, நியூரம்பர்க், பிரஸல்ஸ் போன்ற ஊர்களின் சேகரிப்புகளில் மூலக்கருவிகள் இருக்கின்றன. செய்பவர்கள் துளையின் உட்புற அளவைக்கூட மில்லிமீட்டர் மில்லிமீட்டராக எடுக்கிறார்கள். ஜெர்மனியில் மைக்கேல் பிரெட்டோரியஸ் என்ற இசைஞர் தன் காலத்துக் கருவிகளைப் படம் போட்டு வெளியிட்டார். 1620-இல் வந்த அந்தப் படங்களில் அளவுகோலும் சேர்த்து அச்சிட்டிருந்தார். பின்னாளில் ஒருவர் இதைப் பார்த்துச் செய்வார் என்று நினைத்தாரோ என்னவோ, இன்றைய கைவினைஞர்களுக்கு அது பெரிய வரம். கடலும் ஒரு பங்கு கொடுத்தது. 1545-இல் போர்ட்ஸ்மவுத் அருகே மூழ்கிய மேரி ரோஸ் என்ற போர்க்கப்பலை 1982-இல் மேலே தூக்கினார்கள். அதிலிருந்து கிடைத்த மாலுமிகளின் பொருட்களில் ஷாம் வகைக் கருவி ஒன்றும், பிடில்களும், ஒரு கையால் வாசிக்கும் குழல்களும், ஒரு மேளமும் இருந்தன. அரண்மனைக் கருவிகளைப் பெட்டியில் வைத்துப் பாதுகாத்தார்கள். சாதாரண மாலுமியின் குழலைப் பாதுகாத்தது சேறு.

சுருக்கமாக: கருவிகள் பெரும்பாலும் புதியவை, மாதிரிகள் பழையவை. சமரசமும் உண்டு. குடல்தந்திக்குப் பதில் அதைப் போன்ற செயற்கைத் தந்தி போடுகிறவர்கள் இருக்கிறார்கள், பழகுவதற்கு ரெசினில் செய்த கார்னெட்டோ வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

சுருதி: தம்புராவும் கீபோர்டும்

இந்த இசையை நேரில் கேட்டவர்கள் பலர் "ஏதோ ஒரு அமைதி இருக்கிறது" என்கிறார்கள். பழமையின் மணம், மெழுகுவர்த்தி வெளிச்சம் என்று அதற்குக் காரணம் தேடுகிறார்கள். காரணத்தில் பெரும்பகுதி எளிய கணக்கு. கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

நன்றாகச் சுருதி சேர்த்த தம்புராவில் யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானாகக் கேட்கும். ஷட்ஜத் தந்தியின் அதிர்வுக்குள்ளேயே அது இருக்கிறது. ஷட்ஜம் வினாடிக்கு 240 அதிர்வு என்று வைத்துக்கொண்டால், அந்தக் காந்தாரம் 300. விகிதம் 4-க்கு 5. இதைத் தூய காந்தாரம் என்று சொல்வோம்.

இப்போது ஒரு கீபோர்டுக்குச் சுருதி சேர்க்க வேண்டும். ச-விலிருந்து ப, ப-விலிருந்து ரி, ரி-யிலிருந்து த, த-விலிருந்து க என்று பஞ்சமம் பஞ்சமமாக ஏறலாம். ஒவ்வொரு பஞ்சமமும் ஒன்றரை மடங்கு: 240, 360, 540, 810, 1215. கடைசியில் வந்த காந்தாரத்தை இரண்டு ஸ்தாயி கீழே இறக்கினால் 303.75. ஆனால் நமக்கு வேண்டியது 300. பஞ்சமங்களைச் சுத்தமாக வைத்தால் காந்தாரம் ஏறிப்போகிறது. காந்தாரத்தைச் சுத்தமாக வைத்தால் பஞ்சமங்களைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒருசேரச் சுத்தமாக வைக்க முடியாது. இது யாருடைய தவறும் இல்லை, எண்களின் குணம்.

எதை விட்டுக்கொடுப்பது என்று முடிவு செய்யும் முறைக்குச் சுருதிப் பங்கீடு என்று பெயர் வைக்கலாம். இன்றைய பியானோவிலும் கீபோர்டிலும் பன்னிரண்டு இடைவெளிகளையும் சரிசமமாகப் பிரித்துவிடுகிறார்கள். பஞ்சமம் கிட்டத்தட்டச் சுத்தம், ஆனால் காந்தாரம் 302.4-இல் நிற்கும். மறுமலர்ச்சிக் காலத்தில் ஆர்கன், ஹார்ப்சிகார்ட் போன்ற விசைப்பலகைக் கருவிகளுக்குப் புழங்கியது மீன்டோன் முறை. 1523-இல் பியேத்ரோ ஆரோன் வெனிஸில் வெளியிட்ட நூலில் இதன் செய்முறை இருக்கிறது. பஞ்சமங்களைத் துளித்துளி குறைத்து, காந்தாரத்தைத் தூய்மையாக 300-இல் நிறுத்துவது அதன் நோக்கம்.

300-க்கும் 302.4-க்கும் பெரிய வித்தியாசமா என்று கேட்கலாம். ஷட்ஜத்தின் உள்ளே 1200 என்ற அதிர்வு ஒலித்துக்கொண்டிருக்கிறது. 302.4-க்கு உள்ளே அதன் நான்கு மடங்காக ஏறக்குறைய 1210 ஒலிக்கும். இந்த இரண்டும் மோதி வினாடிக்கு ஒன்பது தடவைக்கு மேல் ஒரு நடுக்கம் உண்டாகும். தூய காந்தாரத்தில் அந்த நடுக்கம் நின்றுவிடும். கூடத்தில் மின்விசிறி ஓடிக்கொண்டே இருக்கும், சத்தம் என்று தோன்றாது, நின்ற பிறகுதான் அது சத்தம் என்று தெரியும். அந்த மாதிரி. கேட்பவர்கள் அமைதி என்று சொல்வது பெரும்பாலும் இந்த நடுக்கம் இல்லாமையைத்தான்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. மீன்டோனில் சில சேர்க்கைகள் சகிக்க முடியாத அபஸ்வரமாகிவிடும். எந்த ஸ்வரத்தை ஷட்ஜமாக வைத்தும் எல்லாமும் வாசிக்கலாம் என்ற சுதந்திரம் இல்லை. அன்றைய இசை அந்தப் பக்கம் அதிகம் போகாததால் விலை கட்டுப்படியானது. பாடகர்களுக்கும் குழல் ஊதுபவர்களுக்கும் இன்னும் வசதி. காதால் கேட்டு அந்தக் கணமே காந்தாரத்தைச் சரிசெய்துகொள்வார்கள். காம்பாவின் கட்டைகள்கூடக் கழுத்தைச் சுற்றிக் கட்டிய குடல்நரம்புதான், வேண்டுமானால் நகர்த்தலாம்.

அடிப்படைச் சுருதியும் ஊருக்கு ஊர் வேறு. இன்று பொதுவாக உள்ள, ஏ (A) என்ற சுவரத்துக்கு வினாடிக்கு 440 அதிர்வு என்ற அளவு 1939-இல் லண்டனில் கூடிப் பேசி வந்தது. வெனிஸ் பக்கத்துக் கார்னெட்டோக்கள் பல 466-ஐ ஒட்டி இருக்கின்றன, அதாவது ஏறக்குறைய அரைக்கட்டை மேலே. பழைய இசை என்றால் சுருதி தாழ்ந்துதான் இருக்கும் என்ற நம்பிக்கையும் இதனால் அடிபடுகிறது.

ஒரு பவானை எடுத்து வாசிக்கும்போது

சரி, இவ்வளவும் தெரிந்த ஒரு குழு சுசாட்டோவின் புத்தகத்திலிருந்து ஒரு பவானை எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பவான் என்பது இரட்டை நடையில் நிதானமாக நடந்து ஆடும் அரசவை நடனம்.

முதல் கேள்வி வேகம். தாளில் பதில் இல்லை, ஆனால் உடம்பில் இருக்கிறது. ஃபிரான்ஸில் லாங்க்ர என்ற ஊரின் பாதிரியார் ஒருவர் தோய்னோ ஆர்போ என்ற புனைபெயரில் 1589-இல் நடனக் கையேடு ஒன்றை வெளியிட்டார். எந்தச் சுவரத்துக்கு எந்தக் காலடி என்று மெட்டுக்குப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார். மேளத்தின் தட்டும் அதில் உண்டு: ஒரு நீளம், இரண்டு குறுக்கம், திரும்பத் திரும்ப. கனத்த ஆடையோடு ஜோடியாக நடப்பவருக்கு எந்த வேகம் வசதியோ அதுதான் பவானின் வேகம். மிக மெதுவாக வாசித்தால் ஆடுபவர் ஒற்றைக் காலில் தள்ளாடுவார். வேகத்தைப் பிடிக்க ஆடியே பார்க்கும் குழுக்கள் உண்டு.

இரண்டாவது, கருவி. முழுதும் ரெக்கார்டரா, ஷாமும் சாக்பட்டுமா, காம்பா நான்கா? அரங்கின் அளவு, நடனத்தின் மிடுக்கு, யார் வந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து முடிவாகும். அன்றைக்கும் இப்படித்தான் முடிவு செய்திருப்பார்கள். மூன்றாவது, எழுதாத அரைக்கட்டைகள். ஒரு வரி முடியும் இடத்தில் நி-ச என்று வந்தால், தாளில் கைசிகி நிஷாதம், அதாவது தாழ்ந்த நி இருந்தாலும் வாசிப்பவர் அதை அரைக்கட்டை மேலே உள்ள காகலியாக உயர்த்திக்கொள்வார். பயிற்சி உள்ளவருக்கு அது தெரியும் என்பதால் பல இடங்களில் குறிக்கவில்லை. எங்கே உயர்த்துவது, எங்கே விடுவது என்பதில் இன்றைய வாசிப்பாளர்களுக்குள் வாக்குவாதம் நடக்கும். அந்த வாக்குவாதம் எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் இரண்டு பக்கமும் கவனமாகப் படித்துவிட்டுத்தான் பேசுவார்கள்.

அப்புறம் அலங்காரம். ஒவ்வொரு பகுதியும் திரும்ப வரும்போது அப்படியே வாசிப்பது சுவையற்றது என்று கருதினார்கள். நீண்ட ஒரு சுவரத்தைப் பல சிறு சுவரங்களாக உடைத்து ஓடவிடுவார்கள். இதைக் கற்றுக்கொடுக்கும் புத்தகங்களே வந்தன. வெனிஸில் 1535-இல் ரெக்கார்டருக்கு சில்வெஸ்த்ரோ கனாசி எழுதியதும், ரோமில் 1553-இல் காம்பாவுக்கு தியேகோ ஒர்தீஸ் எழுதியதும் இன்றும் மாணவர்கள் கையில் இருக்கின்றன. மெட்டு இது, அதை உடைக்கும் வழிகள் இவை என்று பக்கம் பக்கமாக உதாரணம். மனோதர்மத்துக்கு வரிசைகள் எழுதி வைத்தது போல.

இந்தப் பகுதியின் சாரம்: தாள் எழுப்பும் கேள்விகளுக்குப் பதில் மூன்று இடத்திலிருந்து வருகிறது. நடனநூல், பயிற்சிநூல் போன்ற அக்கால எழுத்து ஒன்று. வாசிப்பவரின் பழகிய காது ஒன்று. மூன்றாவது கருவியே. கிரம்ஹார்னில் உரக்கவும் மெல்லவும் முடியாது, ஆகவே உணர்ச்சியைக் காலப்பிரமாணத்திலும் நாக்கின் தட்டிலும்தான் காட்ட வேண்டும். குடல்தந்தி சட்டென்று ஒலித்துச் சட்டென்று தேயும், ஆகவே வரிகளுக்கிடையே மூச்சு விழும். கருவி வாசிப்பவருக்குக் கற்றுக்கொடுக்கிறது. காலக்கருவி எதற்கு என்ற கேள்விக்கு இதைவிட நேரான விடை எனக்குத் தெரியாது.

அறுந்த நூலை யார் எடுத்து முடிந்தார்கள்

ஆர்னல்ட் டோல்மெட்ச் பிரான்ஸில் 1858-இல் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்தவர். லூட், காம்பா என்று ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே செய்து, தன் குடும்பத்துக்கே வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். 1919-இல் ரெக்கார்டர் செய்யத் தொடங்கினார், 1925-இல் ஹேஸில்மியர் என்ற சிறு ஊரில் இதற்கென்றே ஒரு விழா ஆரம்பித்தார். 1933-இல் சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரில் பழைய இசைக்கான பள்ளி உருவானது. 1952-இல் நியூயார்க்கில் நோவா கிரீன்பர்க் ஒரு குழுவை அமைத்தார். ஜோர்டி சவால் 1974-இல் பாஸலில் தொடங்கிய குழு இந்த இசையை உலகம் முழுக்க எடுத்துச் சென்றது.

இவர்களில் டேவிட் மன்ரோவைத் தனியாகச் சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படித்தவர். ஒரு நண்பர் வீட்டுச் சுவரில் தொங்கிய கிரம்ஹார்னைப் பார்த்து இந்தப் பக்கம் திரும்பினார். 1967-இல் லண்டனில் குழு அமைத்தார். ஊதும் கருவி எதைக் கொடுத்தாலும் வாசிப்பார், ரேடியோவில் குழந்தைகளுக்கும் புரியும்படி பேசுவார். 1976-இல் 33 வயதில் இறந்துபோனார். அடுத்த வருஷம் விண்ணுக்குப் போன வாயேஜர் விண்கலங்களின் தங்க இசைத்தட்டில் அவர் குழு வாசித்த ஒரு சிறு நடனம் இருக்கிறது. அந்தோனி ஹோல்போர்ன் 1599-இல் அச்சிட்ட தொகுப்பில் உள்ள துண்டு அது. காம்பா, வயலின் அல்லது வேறு ஊதுகருவிகளுக்கு என்று மட்டுமே அந்தப் புத்தக முகப்பில் போட்டிருக்கிறது. மன்ரோ ரெக்கார்டர்களைத் தேர்ந்தெடுத்தார்.

"அப்படியே" என்ற சொல்

அந்தத் தேர்வு சரியா தவறா? "அப்படியே வாசிக்கிறார்கள்" என்ற இரண்டாவது வாசகத்துக்கு இங்கே பதில் கிடைக்கிறது. ஹோல்போர்ன் வீட்டில் அது ரெக்கார்டரிலும் வாசிக்கப்பட்டிருக்கலாம், காம்பாவிலும் வாசிக்கப்பட்டிருக்கலாம். அன்றைக்கே "அப்படியே" என்று ஒன்று இல்லை. 1551-இல் ஆன்ட்வெர்ப்பின் இரண்டு தெருக்களில் ஒரே பவான் இரண்டு விதமாகக் கேட்டிருக்கும்.

ஆகவே கவனமான குழுக்கள் அசல், அப்படியே போன்ற சொற்களைத் தவிர்க்கின்றன. வரலாற்றை அறிந்து வாசித்தல் என்பதே அவர்கள் விரும்பும் பெயர். கிடைத்த சான்றுகளையெல்லாம் படித்து, அன்று நடந்திருக்கக்கூடிய வழிகளில் ஒன்றைத் தேர்ந்து, முழுமனதோடு வாசிப்பது. கேட்கும் காதும் மாறிவிட்டது என்பதையும் அவர்கள் மறப்பதில்லை. லாரி ஹாரனும் ஒலிபெருக்கியும் கேட்டுப் பழகிய நமக்கு ஷாம் எவ்வளவு உரக்கத் தோன்றும்? அந்த நகரத்தில் தேவாலய மணிக்கு அடுத்து அதுவே பெரிய ஒலியாக இருந்திருக்கும்.

முதல்முறை கேட்கப் போகிறவருக்கு

சுசாட்டோவின் நடனங்கள் இணையத்தில் பல குழுக்களின் வாசிப்பில் கிடைக்கின்றன. ஒரே துண்டை இரண்டு குழுக்கள் வாசித்திருப்பதைத் தேடி அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒன்றில் மேளம் இருக்கும், மற்றதில் இருக்காது. ஒன்று ஊர்வலம் போல, மற்றது அறைக்குள் பேசுவது போல இருக்கும். முதல் தடவை மேல்குரலோடு போங்கள், அது தானாகவே இழுத்துக்கொண்டு போகும். இரண்டாவது தடவை மேலிருந்து மூன்றாவது குரலை மட்டும் பிடிக்கப் பாருங்கள். நழுவி நழுவிப் போகும், பரவாயில்லை. கடைசிச் சேர்க்கையில் எல்லோரும் நின்று நீட்டும்போது நடுவில் எங்கோ ஒருவர் காந்தாரத்தை வைத்திருப்பார். அவரைத் தேடுங்கள்.